கடைசிச் சொல்லின் காவல்

மரண சாஸனம் என்று நம் முன்னோர் பத்திரங்களில் எழுதிவந்தது சொத்தைப் பற்றியது. தான் கண் மூடிய பின்பு நிலமும் வீடும் நகையும் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்கும் அந்தச் சொல்லுக்குச் சர்க்கார் காட்டும் மரியாதை சிறியதன்று. 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, உயில் எழுதியவர் அதை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். பதிவாளர் உறையின் மேலெழுத்தைத் தம் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டு, உறையைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைத்துக் காக்கக் கடமைப்பட்டவர். காணி நிலத்தைப் பற்றிய ஒரு சொல், அதைச் சொன்னவர் போன பிறகும் பழுதுபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஏற்பாடு இது.

இப்போது இதே தேசத்தில் இன்னொரு வகைச் சாஸனத்துக்கும் இடம் உண்டாகியிருக்கிறது. முன்னது மரணத்துக்குப் பின்பு பொருளுக்கு நேர வேண்டியதைச் சொல்லுகிறதென்றால், இது மரணத்துக்குச் சற்று முன்பு தேகத்துக்கு நேர வேண்டியதைச் சொல்லுகிறது. மீளமுடியாத வியாதியில் பிரக்ஞை இழந்து, வாய்திறந்து விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலை வருமாயின், வென்டிலேட்டர் வைக்கலாமா, தொண்டையில் குழாய் இறக்கலாமா, நின்றுபோன இதயத்தை மறுபடி இயக்க முயலலாமா, தன் சார்பில் பேசத் தக்கவர் யார் என்பவற்றையெல்லாம் புத்தி தெளிவாக இருக்கும் காலத்திலேயே எழுதிவைக்கும் பத்திரம் அது. காமன் காஸ் என்னும் அமைப்பு 2005 இல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21 ஆவது ஷரத்து அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, இதற்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. ஊசி போட்டு உயிரைப் போக்குவதை அத்தீர்ப்பு அனுமதிக்கவில்லை. வியாதி தன் போக்கில் முடிக்கவிருப்பதை இயந்திரத்தால் நீட்டிக்கொண்டே போகாமல் விலகி நிற்பதற்கு மட்டுமே இடம் கொடுத்தது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கிப் பேசுவோர் படித்தவர்களிலும் பலர் உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் விதித்த முறை கடுமையானது. முதல் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் மேலொப்பமிட்டாலன்றிப் பத்திரம் செல்லாது என்றிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் இதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி ஒருவரின் சான்று பெற்றால் போதும் என்றது. ஒரு பிரதியை உள்ளாட்சி மன்றம் நியமிக்கும் காப்பாளர் ஒருவரிடம் கொடுத்துவைக்கவும், விரும்பினால் மின்னணு சுகாதாரப் பதிவில் சேர்த்துக்கொள்ளவும் வழி செய்தது.

சங்கடம் தொடங்குவது இந்த இடத்தில்தான். தேனி மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் எழுபது வயது அம்மாள் ஒருவர் முறைப்படி பத்திரம் எழுதி, பிரதியைக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, மகன் வீட்டுக்குச் சென்னை வந்த இடத்தில் நள்ளிரவில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தூக்கிவந்தவர்களுக்குப் பத்திரம் இருப்பதே தெரியாது. பணியிலிருக்கும் இளம் வைத்தியருக்கோ கேட்டறிய ஆளில்லை. பத்திரம் உறங்கும் பீரோவின் சாவி ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சொத்துக்கான உயிலைச் சாவுக்குப் பின்பு, கருமாதியெல்லாம் முடிந்து, வக்கீலை அழைத்து நிதானமாகத் திறந்துகொள்ளலாம். இந்த உயிலைத் திறக்க வேண்டிய வேளை, எழுதியவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் சில மணி நேரம் மட்டுமே. ஆகவே மாநிலத்தின் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் எந்த நேரமும் தேடிக் காணத்தக்க ஒரே பதிவகத்தை மாநில அரசு ஏற்படுத்த வேண்டுமா, அது தர்மமா என்னும் கேள்வி எழுகிறது. செய்ய முடியுமா என்பதில் பெரிய ஐயமில்லை. டென்மார்க் 1992 இலேயே நாடு முழுவதற்குமாக இதைச் செய்தது; மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பணியை மாநில அளவில் ஒருங்கிணைத்து நடத்திய அனுபவம் தமிழ்நாட்டுக்கு 2008 முதல் உண்டு. முடியும் என்பதாலேயே ஒரு காரியம் தகும் என்று ஆகிவிடாது.

அரசாங்கத்தின் கையில் இத்தகைய அந்தரங்கம் சேரலாமா என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் பார்த்தவர் யார், எப்போது, எதற்காக என்ற குறிப்பு அழியாமல் நிற்குமாறு செய்வதும், சிகிச்சை தரும் வைத்தியரைத் தவிர இன்ஷூரன்ஸ் கம்பெனி உள்ளிட்ட எவரும் எட்டிப்பார்க்க இயலாமல் கதவடைப்பதும் அரசின் திறமைக்கு அப்பாற்பட்டவை அல்ல. அதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட மனச்சாட்சி இடம் கொடாது.

நம் வீடுகளில் முதியவர்கள், ‘எனக்காக இனி எதையும் விற்காதீர்கள்’ என்று சொல்லுவது வழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒருநாள் வாடகைக்கு ஒரு மாதக் கூலி போதாத குடும்பத்தில், மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தாய் சொல்லும் அந்த ‘வேண்டாம்’ அவளுடைய சுதந்திரமான தீர்மானமா, பாரமாகிவிடுவோமோ என்ற பயமா, பிள்ளைகள்மேல் உள்ள வாஞ்சையா என்பதைக் கேட்டவர்களும் அறியார். ஒருவேளை அவளும் அறியாள். அந்தச் சொல்லை எழுதி வாங்கி, அரசு முத்திரையிட்டு, மாநிலமெங்கும் செல்லுபடியாக்கி வைத்தால், வறுமை சொன்னதையே அவளுடைய விருப்பமென்று பதிவுசெய்த பாவம் சேராதா? சேரும், பதிவகம் ஒன்றையே ஏற்படுத்தி மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டால். இலவச சிகிச்சையும், வலி தணிக்கும் வைத்தியமும், கிடையாய்க் கிடப்பவரை வீட்டிலேயே வந்து பார்க்கும் செவிலியரும் எட்டாத இடத்தில், ‘வேண்டாம்’ என்று எழுதும் உரிமையை மட்டும் எட்டச் செய்வது அறமாகாது.

ஆனால் இந்த ஆட்சேபத்துக்கு மறுபுறமும் உண்டு. அப்பாவுக்கு இனி ஒன்றும் பயனில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகும், கடைசிவரை பார்க்கவில்லை என்று ஊர் சொல்லுமே என்ற அச்சத்தில் நிலத்தை அடகு வைத்து, அவரைக் குழாய்களோடு வாரக்கணக்கில் கிடத்தி வைத்திருக்கும் பிள்ளைகளையும் நாம் காண்கிறோம். நிறுத்தச் சொன்ன பிள்ளையோ தகப்பனைத் தானே அனுப்பிவிட்டோம் என்ற உறுத்தலோடு எஞ்சிய நாளெல்லாம் வாழ்கிறான். ‘இது என் தீர்மானம், என் பிள்ளையின்மேல் பழியில்லை’ என்று தகப்பனே சொல்லிவைத்த சொல் அந்த இரவில் அவன் கைக்கு எட்டுமானால், அது போனவருக்குச் செய்த உபகாரம் என்பதைக் காட்டிலும் இருப்பவனுக்குச் செய்த உபகாரம். பதிவகத்தின் பக்கம் நிற்கும் நியாயங்களில் இதைவிடக் கனமான ஒன்று இல்லையென்றே தோன்றுகிறது.

இன்னொரு அபாயமும் கவனிக்கத் தக்கது. பதிவகம் என்று ஒன்று வந்துவிட்டால், அதில் பெயர் இல்லாதவருக்கு விருப்பமே இல்லை என்று கொள்ளும் ஒரு பழக்கம் வளர்ந்துவிடும். அமெரிக்காவில், இத்தகைய பத்திரத்துக்கு 1976 இலேயே முதன்முதலாகச் சட்டம் செய்த கலிபோர்னியா மாநிலம், மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிவகம் அமைத்தபோது, பதிவு செய்யாததால் எந்தப் பத்திரமும் செல்லாததாகிவிடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. மனைவியிடம் வாய்மொழியாகச் சொன்னதும், நாட்குறிப்பில் எழுதியதும், பதிவகத்தில் இல்லையென்ற காரணத்தால் எடையற்றுப் போகலாகாது.

எழுதியவர் மனம் மாறினால் என்ன செய்வது? 2018 தீர்ப்பின்படி, பத்திரத்தை ரத்து செய்வதும் எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும். ஐம்பது வயதில் திடகாத்திரமாக இருந்து, படுக்கையில் கிடக்கும் வாழ்வும் ஒரு வாழ்வா என்று எழுதியவர், எழுபத்தைந்தில் படுக்கையில் கிடந்தபடியே பேரக்குழந்தையின் மழலையைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருக்கலாம். பேனா பிடிக்க முடியாத கையை அசைத்து அவர் சொல்லும் ‘இருக்கட்டும்’ என்ற ஒரு சொல், கெஜட்டெட் அதிகாரியின் சான்று பெற்ற பழைய பக்கங்களைவிட வலியது. கலிபோர்னியாச் சட்டம், மனம் மாறியதை எவ்விதத்தில் தெரிவித்தாலும் சிகிச்சையைப் பற்றிய கட்டளைகள் ரத்தாகும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் முறையும் அவ்வாறு தளர வேண்டும். பத்திரம் கிடைத்தவுடனே கருவியைக் கழற்றிவிடுவதில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும். சிகிச்சை தரும் வைத்தியரும் வேறு இரு நிபுணரும் கொண்ட முதற்குழு ஆராய்ந்து, பின்னர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் வைத்தியரை உள்ளிட்ட இரண்டாம் குழுவும் இசைந்தாலன்றி அது நடவாது. பதிவகத்தின் வேலை அந்தக் குழுக்களுக்கு நோயாளியின் குரலைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு முடிகிறது.

அந்தக் குரலை ஏற்று வாங்கிய அரசு பிறகு கைவிடலாமா என்பது கடைசிக் கேள்வி. வாஷிங்டன் மாநிலம் 2006 இல் சட்டம் செய்து இத்தகைய பதிவகத்தை ஏற்படுத்தி, 2011 இல் பணமில்லை என்று மூடிவிட்டது. சாலை போடுவதைப் பாதியில் நிறுத்தினால் ஜனங்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் தங்கள் சொல் சேமமாக இருக்கிறதென்று நம்பி, பிள்ளைகளிடம்கூட மறுபடி சொல்லாமல் விட்டவர்களின் நிலை அப்படியன்று. பதிவுச் சட்டத்தின் தீப்பிடிக்காத பெட்டிக்கு எந்த வரவுசெலவுத் திட்டமும் இதுவரை பூட்டுப் போடவில்லை. அதே உறுதி இதற்கும் இல்லாவிடில் தொடங்காமல் இருப்பதே நேர்மை.

தொடங்குவதானால், புதிய மாளிகை எதுவும் வேண்டியதில்லை. கிராமத்தார் பழகிய சார்பதிவாளர் அலுவலகமே போதும். கட்டணம் கூடாது. வந்த முதியவரை நாற்காலியில் அமர்த்தி, கூட வந்த மகனையும் மருமகளையும் வெளியே வேப்பமரத்தடியில் சற்று இருக்கச் சொல்லிவிட்டு, எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதோடு எந்தச் சிகிச்சை கட்டாயம் வேண்டும் என்பதையும் அதே சிரத்தையோடு கேட்டு, எழுதியதை உரக்கப் படித்துக்காட்டி, மனம் மாறினால் யாரிடம் சொன்னாலும் போதும் என்று அவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த ஒரு மனிதர் அந்த மேஜைக்குப் பின்னால் இருக்க வேண்டும்.