கையிலே விட்டுவைத்த சரக்கு

எசேக்கியேல் 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலே இருக்கிற தம்பிமார், உங்களுக்கும்தான் சொல்கிறேன். போனிலே வாசித்தாலும் சரி, வாட்ஸ்அப்பை மட்டும் மூடிவிடுங்கள்.

தீரு பட்டணத்தின்மேல் புலம்பல். தீர்க்கதரிசி பட்டணத்தையே ஒரு கப்பலாகப் பார்க்கிறார். சேனீரின் தேவதாருப் பலகை, லீபனோனின் கேதுருவிலே பாய்மரம், பாசானின் கர்வாலியிலே துடுப்பு. அப்புறம் சரக்குப் பட்டியல்! தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். தொகர்மாவிலிருந்து குதிரை. சேபாவிலிருந்து பொன். நம்மில் பலர் இந்த அதிகாரம் வந்தால் அப்படியே தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டாதீர்கள் ஐயா!

இந்தச் சரக்குக்கு எபிரெயத்திலே ஒரு சொல், இஸ்ஸாவோன். இந்த ஒரே அதிகாரத்தில் 7 தடவை வருகிறது. வேதத்தில் வேறெங்கும் இல்லை. அஸாவ் என்ற வினையிலிருந்து வந்தது என்று பழைய அகராதிகள் சொல்லும். அஸாவ் என்றால் விட்டுவிடுவது, விட்டுவைப்பது. அப்படியானால் சரக்கு எது? வாங்குகிறவன் கையிலே விட்டுவைப்பது. இன்றைய எபிரெயத்தில் இதே சொல், செத்தவன் விட்டுப்போன ஆஸ்திக்குப் பெயர்.

தீருவிலிருந்து போய்க் குடியேறினவர்கள்தான் கார்த்தேஜ்காரர்கள். அவர்கள் வியாபாரம் செய்ததை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆப்பிரிக்கக் கரையிலே சரக்கை இறக்கி வரிசையாக வைப்பார்கள். கப்பலுக்குத் திரும்பிப்போய்ப் புகை போடுவார்கள். ஊரார் வந்து பார்த்து, பொன்னை வைத்துவிட்டு விலகிப்போவார்கள். பொன் போதாதென்றால் இவர்கள் கப்பலிலேயே காத்திருப்பார்கள். அவர்கள் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து வைப்பார்கள். விலை திகையும்வரை இவனும் பொன்னைத் தொடமாட்டான், அவனும் சரக்கைத் தொடமாட்டான். பாஷை கிடையாது, ரசீது கிடையாது. இங்கே கடை வைத்திருக்கிற சகோதரர்கள் இருக்கிறீர்கள். கள்ளத்தராசைப் பற்றி நீதிமொழிகள் சொல்வது உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது யோசேப்பு. இதே அஸாவ் அவன் கதையிலும் வருகிறது. ஆதியாகமம் 39:6. எஜமான் போத்திபார் தனக்குண்டான எல்லாவற்றையும் யோசேப்பின் கையிலே விட்டான். அங்கே அஸாவ். 12-ம் வசனம். யோசேப்பு தன் வஸ்திரத்தைப் போத்திபாரின் மனைவி கையிலே விட்டு ஓடினான். அங்கேயும் அஸாவ்! எஜமான் இவன் கையிலே விட்டதை இவன் காப்பாற்றினான். அதைக் காப்பாற்றத்தான் தன் வஸ்திரத்தை அவள் கையிலே விட்டான். திரும்பவும் சொல்கிறேன், எஜமான் விட்டதைக் காப்பாற்றத் தன்னுடையதை விட்டான். சிறைச்சாலைக்குப் போனான், ஆனாலும் விட்டதற்காக அவன் வருத்தப்பட்டதாக ஒரு வரி உண்டா?

அவனே சரக்காகப் போனவன் அல்லவா? 20 வெள்ளிக்காசு. அவனை வாங்கிக் கொண்டுபோனவர்களின் ஒட்டகங்களின்மேல் என்ன ஏற்றியிருந்தது? பிசின் தைலம். அதே பிசின் தைலத்தை எசேக்கியேல் 27:17-ல் யூதா தீருவுக்குக் கொண்டுபோகிறது. யோசேப்பை விற்கலாம் என்று சொன்ன அண்ணன் பேரென்ன? சத்தமாகச் சொல்லுங்கள்! யூதா. பிற்பாடு, மகன் அங்கே இருப்பது தெரியாமலே, தகப்பன் யாக்கோபு எகிப்துக்குக் காணிக்கை அனுப்புகிறான். கொஞ்சம் தேன், கொஞ்சம் பிசின் தைலம்.

நேரமாகிவிட்டது. தீருவுக்கு வருவோம். 33-ம் வசனம் பாருங்கள். சரக்கு கடல்களிலிருந்து வெளியே போனபோது அநேக ஜனங்கள் திருப்தியானார்கள். 27-ம் வசனத்தில் அதே சரக்கு மாலுமிகளோடே நடுக்கடலில் விழுகிறது. இரண்டு இடத்திலும் இஸ்ஸாவோன்தான். போய்ச் சேர்ந்தது ஜனங்களை நிரப்பியது, கப்பலில் இருந்தது கப்பலோடே போயிற்று. உங்கள் வீட்டிலே இன்னும் கப்பலிலேயே இருப்பது எது? கொடுக்கவேண்டிய கூலியா? கூடப்பிறந்தவளின் பங்கா? இந்த வாரத்துக்குள்ளே இறக்கிவிடுங்கள். அடுத்த வாரம் 28-ம் அதிகாரம், தீருவின் ராஜா. வாசித்துவிட்டு வாருங்கள்.