புனைகதையும் வாய்மையும்

நடவாத ஒன்றை நடந்ததாகக் கூறுதல் பொய். கதை எழுதுபவனும் நடவாத ஒன்றை நடந்ததாகவே கூறுகிறான். அங்ஙனமாயின், பொய்யாமையைக் கடமையாகக் கொண்ட சமயப் பற்றாளன் ஒருவன் கதை எழுதுதல் தகுமா? இவ்வினா பழமையானது, ஆயினும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாய்ப் பிறப்பது. பினாங்கு மாநிலத்தின் பாகான் டாலாமில் வாழும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பதினாறு வயது மாணவி ஒருத்தி கதை எழுத விழைகிறாள் எனக் கொள்வோம். வார நாள்களில் பள்ளி, மாலையில் வீட்டு வேலை, ஞாயிறன்று தேவாலய வழிபாடு என அவள் வாழ்க்கை செல்கிறது. எஞ்சிய நேரத்தில், இரவில், அவள் குறிப்பேட்டில் கதை வளர்கிறது. 'இதனால் என்ன பயன்?' என்று வீட்டார் கேட்பர். 'இதில் நீதி எங்கே?' என்று ஆசிரியர் கேட்பார். 'இது உன் விசுவாசத்துக்கு ஏற்றதா?' என்று தேவாலயத்துப் பெரியோர் கேட்கக்கூடும். மூன்று கேள்விகளும் ஒரே வினாவின் மூன்று முகங்களே.

அவ்வினாவுக்கு முதல் விடை எளிது. பொய்யென்பது கேட்பவனை ஏமாற்றும் நோக்குடையது, கதையோ ஏமாற்றுவதில்லை. சொல்பவனும் கேட்பவனும் இது கதை என்பதை அறிந்தே அதனுள் நுழைகின்றனர். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று வள்ளுவப் பெருந்தகை இலக்கணம் வகுத்தமையும் ஈண்டு நினையத்தக்கது. கிறிஸ்தவ மரபிலும் இதற்குத் தடையில்லை. இயேசு பெருமான் மக்களுக்கு உவமைக் கதைகள் வாயிலாகவே பெரிதும் போதித்தார். ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' என்னும் உருவகக் கதைக்கு முகப்பாக, கற்பனை வாயிலாக உண்மையைச் சொல்லலாமா என்ற ஐயத்துக்குச் செய்யுளிலேயே விடையளித்தார். அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 1894இல் வெளிவந்த அக்காப்பியம் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது.

ஆயின், வினா இத்துடன் முடிவதில்லை. கதை பொய்யன்று என்று நிறுவிய பின்னும், கதைக்குள்ளேயே ஒரு பொய் புகக்கூடும். நல்லவர் யாவரும் கடைசிப் பக்கத்தில் பரிசு பெறுகின்றனர். தீயவர் யாவரும் தவறாது தண்டனை பெறுகின்றனர். நோயுற்ற தாய் மகனின் ஒரு வேண்டுதலில் எழுந்து அமர்கிறாள். வேறு சமயத்தைச் சார்ந்தவன் அறிவிலியாகவோ கொடியவனாகவோ வருகிறான். எழுதுபவருக்கே வாழ்க்கை இவ்வாறில்லை என்பது தெரியும். தெரிந்தும் எழுதுகிறார், ஏனெனில், இவ்வாறு எழுதினால் பாராட்டுக் கிடைக்கிறது. ஏமாற்றும் நோக்கு இங்கேதான் நுழைகிறது. பக்தியுள்ள இளம் எழுத்தாளருக்கு நேரும் மெய்யான ஒழுக்கச் சோதனை, கதை எழுதலாமா என்பதன்று. கதையில் தாம் கண்ட வாழ்க்கைக்கு உண்மையாய் இருக்க முடியுமா என்பதே.

இச்சோதனையை எதிர்கொண்ட இளம்பெண் ஒருத்தி இந்திய இலக்கிய வரலாற்றில் உண்டு. அவள் பெயர் தோரு தத். 1856ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தாள். 1862இல் அவள் குடும்பம் கிறிஸ்தவம் தழுவியது. 1865இல் அண்ணன் அப்ஜு மறைந்தான். 1869இல் தந்தை கோவின் சந்தர் தத், மனைவியுடனும் மகளிர் இருவருடனும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பிரான்சின் நீஸ் நகரில் சில மாதம் பள்ளிக் கல்வி, பின் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான சொற்பொழிவு வகுப்புகள் என அவள் கல்வி அமைந்தது. 1873இல் குடும்பம் தாயகம் திரும்பியது. அடுத்த ஆண்டு ஜூலையில் அக்காள் அருவையும் எலும்புருக்கி நோய் கொண்டுபோயிற்று. மூவரில் ஒருத்தியாய் எஞ்சிய தோரு, 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், அதே நோயால், இருபத்தொரு வயதில் மறைந்தாள்.

அவளது அன்றாட வாழ்க்கையை, இங்கிலாந்துத் தோழி மேரி மார்ட்டினுக்கு அவள் எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. கல்கத்தாவின் புறத்தே பாக்மாரி என்னும் இடத்தில் அவர்களுக்கொரு தோட்ட வீடு இருந்தது. மரங்கள், பறவைகள், பூனைகள், வண்டிக் குதிரைகள், புதிதாய் வந்த புத்தகங்கள், தந்தையோடு அமர்ந்து வடமொழி பயிலுதல், இடையிடையே இருமல் என இவையே அக்கடிதங்களின் பொருள். பெரிய நிகழ்ச்சிகள் அதிகமில்லை. வெளியுலகோடு அவளுக்கிருந்த தொடர்பும் குறுகியதே. ஆயினும் பதினெட்டு வயதில், 1874 டிசம்பரில், பிரெஞ்சுக் கவிஞர் லெகோந்த் தெ லீல் பற்றிய அவளது கட்டுரை 'பெங்கால் மேகஸின்' இதழில் வெளிவந்தது. 1876இல் பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலொன்று கல்கத்தாவின் பவானிப்பூரில் அச்சேறியது. அவள் வாழ்நாளில் வெளிவந்த நூல் அஃதொன்றே.

எனினும், அவளிடம் மறைந்திருந்தது கதைக் கனவு. தங்கை நாவல் எழுத, அக்காள் படம் வரைய, ஆசிரியர் பெயரின்றி அதனை வெளியிடுவதாகச் சகோதரியர் இருவரும் எண்ணியிருந்தனர். படம் வரைய வேண்டியவள் மறைந்தாள், எழுதியவளும் மறைந்தாள். அவள் காகிதங்களிடையே தந்தை கண்டெடுத்த பிரெஞ்சு நாவல், கிளாரிஸ் பாதே என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் முகவுரையுடன் 1879இல் பாரிசில் வெளிவந்தது. 'செல்வி தார்வேரின் நாட்குறிப்பு' என அதன் பெயரைத் தமிழில் கூறலாம்.

கதைத்தலைவி மார்கரித், கன்னியர் மடத்துக் கல்வி முடிந்து பதினைந்தாம் வயதில் வீடு திரும்பும் இறைப்பற்று மிக்க பெண். அவள் மனம் துனுவா என்னும் இளம் பிரபுவை நாடுகிறது. அவனோ தன் வீட்டுப் பணிப்பெண்ணை விரும்புகிறான். அவன் தம்பியும் அவளையே விரும்புகிறான். பொறாமை முற்றி அண்ணன் தம்பியைக் கொல்கிறான். சித்தம் கலங்கித் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். மார்கரித் வேறொருவரை மணந்து, குழந்தை பெற்றபின் இறக்கிறாள்.

எழுதியவள் ஆழ்ந்த நம்பிக்கை உடையவள் என்பதை மறவாது இக்கதையை நோக்குதல் வேண்டும். மார்கரித் வேண்டுகிறாள்; அவள் வேண்டியவாறு எதுவும் நடப்பதில்லை. நற்குடியிற் பிறந்தவன் கொலைஞன் ஆகிறான். அவனைத் தடுக்க விண்ணிலிருந்து கை ஒன்றும் நீளவில்லை. விரும்பியிருந்தால் தோரு ஓர் அற்புதத்தை நிகழ்த்தியிருக்கலாம். எழுதுகோல் அவள் கையில்தான் இருந்தது. ஆனால், அண்ணனுக்கும் அக்காளுக்கும் அற்புதம் நிகழாததைக் கண்டவள் அவள். கண்டதை மறைத்துக் கதையில் ஆறுதல் தேட அவள் உடன்படவில்லை. அதனால் நம்பிக்கை குன்றியதா? இல்லை. மார்கரித்தின் இறைப்பற்று இறுதிவரை குலைவதில்லை. வேண்டியது கிடைப்பதால் நிற்பதன்று நம்பிக்கை. கிடையாதபோதும் நிற்பது என்னும் உண்மை அங்கே போதனையின்றியே புலனாகிறது. அற்புதம் ஒன்றைப் புகுத்தியிருந்தால் அவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். பதின்பருவத்தாருக்கு வாழ்க்கை அனுபவம் ஏது? தோருவும் தான் வாழாத பிரெஞ்சு நாட்டுப் பிரபுக்களின் மாளிகையை அன்றோ எழுதினாள்? இத்தடையில் நியாயம் உண்டு. அந்நாவலில் நூல்களிலிருந்து பெற்ற சாயல் மிகுதி. ஆயினும், துயரம் நூலிலிருந்து பெற்றதன்று. அவள் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி முடிக்காது விட்ட 'பியாங்கா' என்னும் கதை 1878இல் 'பெங்கால் மேகஸின்' இதழில் வெளிவந்தது. ஸ்பானியக் குடும்பமொன்றைப் பற்றிய அக்கதை, தலைவி தன் சகோதரியை அடக்கம் செய்வதில் தொடங்குகிறது. ஊர் கற்பனை; கல்லறை உண்மை. இளம் எழுத்தாளரிடம் எதிர்பார்க்கத்தக்கது பரந்த அனுபவமன்று. உள்ள சிறிதளவு அனுபவத்தைத் திரிக்காத நேர்மையே.

அதே நேர்மையை வேறு சமயத்தாரைச் சித்திரிப்பதிலும் காணலாம். தோருவின் தாய் பழைய புராணக் கதைகளை நன்கறிந்தவர். கிறிஸ்தவரான தோரு, சாவித்திரி, சீதை, துருவன், பிரகலாதன் ஆகியோரின் கதைகளை ஆங்கிலச் செய்யுளாக்கினாள். அவை 1882இல் நூலாயின. அங்கே ஏளனம் இல்லை, அன்பே உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, உடல்நலம் குன்றிப் படிப்பைக் கைவிட்ட கிறிஸ்தவப் பெண்மணி கிருபாபாய் சத்தியநாதன், 1894இல் வெளிவந்த தம் 'கமலா' நாவலில் இந்துச் சிறுமணப் பெண்ணொருத்தியின் துயரைப் பரிவுடன் எழுதினார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கிறிஸ்தவரே. அந்நாவலின் அறிவுமிக்க தலைவி ஞானாம்பாள் இந்துக் குடும்பத்துப் பெண்ணே. நல்ல சமாரியன் உவமையும் இதனையே கற்பிக்கிறது. அடிபட்டுக் கிடந்தவனைத் தன் சமயத்துக் குருவும் லேவியனும் விலகிச் சென்றனர். தாழ்வாக எண்ணப்பட்ட வேற்றினத்தான் காப்பாற்றினான். கேட்டவர்களின் சமயப் பெருமையை வளர்க்கச் சொன்ன கதையன்று அது. அப்பெருமையைக் கேள்விக்கு உட்படுத்தச் சொன்ன கதை.

இனி, ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இளையோர் எழுத்துக்கு வழிகாட்டல் வேண்டாமா எனின், கட்டாயம் வேண்டும். அறம் இல்லாத எழுத்து வெறும் சொல் விளையாட்டு. ஆனால், அறத்தைக் கதையின் இறுதியில் ஒட்டுவது ஒன்று. கதையின் உள்ளே வாழவிடுவது மற்றொன்று. 'இதனால் அறியப்படுவது யாதெனில்' என்னும் தொடர் இல்லையென்பதற்காக மாணவர் கதையொன்றுக்குப் புள்ளி குறைக்கும்போது, மாணவர் கற்பது அறத்தையன்று. அறம் பேசுவது போல் நடிப்பதை. நாளடைவில் அவர் தாம் நம்பாததைத் தயங்காது எழுதப் பழகுவார். பொய்யாமையைக் கற்பிக்க வந்த பாடமே பொய்க்குப் பயிற்சிக் களமாவது கொடுமையன்றோ? ஊதாரி மைந்தன் கதையில், சினந்து வெளியே நிற்கும் மூத்த மகன் விருந்துக்கு உள்ளே வந்தானா என்பதை இயேசு பெருமான் சொல்லாமலே விட்டார். விடையைக் கேட்போரின் மனச்சான்றிடம் ஒப்படைத்தார். அம்முடிவை இன்றைய தேர்வுத் தாளில் ஒரு மாணவர் எழுதினால் 'முற்றுப்பெறாத கதை' என்று சிவப்பு மையால் எழுதப்படுமோ என ஐயுற இடமுண்டு.

பாகான் டாலாமில் வாழும் மாணவிக்குக் கதைப்பொருள் தேடி பிரான்சுக்கோ ஸ்பெயினுக்கோ போகத் தேவையில்லை. ஜார்ஜ் டவுனுக்குப் படகேறி வேலைக்குச் செல்வோர், இரவு வேலை முடித்து விடியலில் திரும்பும் தந்தையர், ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்குத் திரளும் மக்கள், தைப்பூசத்தன்று பால்குடம் ஏந்தும் அண்டை வீட்டு அம்மா, நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் கொண்டுவரும் மலாய்த் தோழி என எத்தனையோ பேர் அவள் கண்முன் உள்ளனர். பால்குடம் ஏந்தும் அந்த அம்மாவின் கண்ணீரை ஏளனமின்றியும், தன் நம்பிக்கையை மறைக்காமலும் அவளால் எழுத முடியுமாயின், அவள் எழுத்தும் வளரும். அவள் சமயப்பற்றும் பக்குவமுறும். பிறரை உள்ளபடி காண்பதற்குப் பெயர்தான் அன்பு. அவ்வன்பு சொல்லாக மாறும்போது பெறும் பெயரே வாய்மை.

வேதநாயகம் பிள்ளையின் நாவலும் தோரு தத்தின் நாவலும் 1879ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. ஒருவர் நீதிமன்றப் பணியில் மனிதரைப் பல்லாண்டு கண்டு பழகி, ஐம்பது வயதைக் கடந்தவர். மற்றவள் இருபத்தொரு வயதில் மண்ணுக்குள் போனவள். வயது கற்றுத்தருவன பலவுண்டு, அவற்றுக்குக் காத்திருக்கலாம். ஆனால், நேர்மைக்கு வயது வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அதனை இளையோரிடம் புதிதாக விதைக்க இயலாவிடினும், அவர்களிடம் இருப்பதைக் கெடுக்காமல் விடுதல் ஆசிரியர் செய்யக்கூடிய முதற் கடமையாகும்.