கருத்தடைச் சாதனமும் மட்டாஞ்சேரியின் சமயங்களும்

ஹார்மோன் கருத்தடைச் சாதனம் அறவழியில் ஏற்கத்தக்கதா என்ற கேள்விக்கு விடை காண, அது உடலில் எந்தக் கட்டத்தில் குறுக்கிடுகிறது என்று முதலில் அறிய வேண்டும். கருப்பைக்குள் பொருத்தும் இந்தச் சிறு பிளாஸ்டிக் சாதனத்தின் ஒரு வகையில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் உண்டு. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வெளிப்படும். அதனால் கருப்பை வாயிலுள்ள சளி கெட்டிப்பட்டு விந்தணுவைத் தடுக்கிறது. சிலருக்குக் கருமுட்டை வெளிப்படுவதும் அவ்வப்போது நிற்கிறது. ஆகவே, பெரும்பாலும் கருவுறுதலுக்கு முன்பே தடை நிகழ்ந்துவிடுகிறது. ஆனால் கருப்பையின் உட்சுவரும் மெலிகிறது. அரிதாகக் கருவுற்ற முட்டை அங்கே பதியாமல் போகுமோ என்பதே, கருவுற்ற கணத்திலிருந்து உயிரை மதிக்க வேண்டும் என்போரின் கலக்கம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அருகருகே வாழ்ந்துவந்த சமயங்கள் இதை ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை செயலின் நோக்கத்தைப் பார்க்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ல் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை விலக்கியது. நோய்க்கான சிகிச்சையால் பக்கவிளைவாகக் கருத்தரிப்பு தடைபடுவதை விலக்கவில்லை. இதே சாதனம் கடும் மாதவிடாய்ப் போக்குக்கும் மருந்தாவதால், நோக்கம் மாறும்போது தீர்ப்பும் மாறக்கூடும்.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் 'அஸ்ல்' என்னும் பழைய தடுப்புமுறையை (விந்து வெளியேறுமுன் விலகுதல்) முன்னுதாரணமாகக் கொள்கின்றனர். மட்டாஞ்சேரியின் கச்சி மேமன் முஸ்லிம்கள் பின்பற்றும் ஹனஃபி மரபு அதற்கு மனைவியின் சம்மதத்தைக் கேட்கிறது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் 63,000-க்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள். அத்தகைய நிரந்தரத் தடையை ஏற்காத அறிஞர் பலர், வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய சாதனத்தை அனுமதிக்கின்றனர்.

1568-ல் பரதேசி ஜெப ஆலயத்தைக் கட்டிய யூதர்களின் சட்டமரபில், விந்தை வீணாக்கும் முறைகளைவிடப் பெண் பயன்படுத்தும் முறைகளுக்கு இடம் அதிகம். அங்கே சிக்கல் வேறு: முதல் சில மாதங்களில் ஒழுங்கின்றி வரும் உதிரக்கசிவு, அச்சட்டப்படி தம்பதியர் விலகியிருக்க வேண்டிய நாட்களை நீட்டிவிடலாம்.

சாதனம் எப்படி இயங்குகிறது என்பதை மருத்துவம் விளக்கும். பதியாத கருவுக்கு மனிதர் கடன்பட்டவர்களா என்பதை நுண்ணோக்கி காட்டாது. அதனால் உட்சுவர் மெலிவதையும் உதிரக்கசிவையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை. அவற்றைத் தன் நம்பிக்கையோடு வைத்து எடைபோட்டு முடிவெடுக்கும் உரிமை, சாதனத்தைத் தன் உடலில் ஏற்கும் பெண்ணுக்கே உண்டு.