இருமலை மறைப்பது யார் குற்றம்?

நோயை மறைப்பவன் சமூகத் துரோகி என்று நம்மவர் எளிதிலே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். தோட்டக் கிராணியாகிய நானும் அவ்வாறு கூறி வந்தவனே. 2021ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று அத்தீர்ப்பை அசைத்துவிட்டது.

கொரோனா எங்கள் லயன்களில் புகுந்திருந்த சமயம். பால்மரம் வெட்டும் முதியவர் ஒருவருக்கு அந்நோய் கண்டது. தனித்திருந்து, குணமாகி, வேலைக்குத் திரும்பினார். இருமல் மட்டும் நிற்கவில்லை. "கொரோனா கண்ட நெஞ்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தேற்றினோம். அவரும் தலையசைத்தார். உடல் மெலிந்தது, மாலைதோறும் காய்ச்சல். மூன்று மாதங் கழித்துச் சளியைச் சோதித்தபோதுதான், காசநோயும் கூடவே குடியிருந்தது தெரிந்தது. கொரோனாவுக்கு முன்னரே இருமல் இருந்ததாம். சளியிலே இரத்தம் கண்டும் அவர் வாய் திறக்கவில்லை.

ஏன் மறைத்தீர் என்று கடிந்து கேட்டேன்.

"கிராணி ஐயா, கொரோனா ஊருக்கே வந்த நோய், அதில் வெட்கமில்லை. இது வெளியே தெரிந்தால் என் பேத்தியைப் பெண் கேட்டு எவன் வருவான்?" என்றார்.

அப்பேத்தி அவரோடு ஒரே அறையில் உறங்கியவள். இருமும்போது காற்றில் கலந்து பரவும் நோய் அது. ஆதலால் அவரைக் குற்றமற்றவர் என்று நான் கூறமாட்டேன். (அவள் தப்பினாள், அதற்கு எவர் புண்ணியமும் காரணமன்று.)

ஆயினும், ஒரு நோயைப் போர்வையாக்கி மற்றொன்றை மூடிக்கொள்ளும்படி அவரை ஏவியது எது? காசம் கிருமியால் வருவது என்று ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். கிருமிக்குக் குலமேது, கோத்திரமேது? நாமோ இன்றும் அதைக் குடும்பத்தின் களங்கமாகவே கருதுகிறோம். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. சேர்ந்து வந்தால் சாவின் அபாயம் மிகுதி. கொரோனா பெரும்பாலும் நாட்கணக்கில் ஓங்கித் தணியும். காசம் வாரக்கணக்கில் உருக்கும். இவ்வேற்றுமையைக் கேட்டறிய எங்களுக்கு மனமில்லை. இருமலுக்கு ஒரு பெயர் கிடைத்ததும் திருப்தியடைந்தோம்.

உலகம் எங்களைவிட மேலாக நடந்துவிடவில்லை. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கின்படி, 2019இல் புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளர் 71 இலட்சம். 2020இல் 58 இலட்சமே. நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. அவ்வாண்டு அந்நோயால் மாண்டோர் தொகையோ முந்திய ஆண்டைவிட ஏறிற்று.

முதியவர் ஆறு மாதம் மருந்துண்டு குணமானார். கோப்பையால் இந்நோய் பரவாது. அப்படியிருந்தும் எங்கள் அலுவலகத் தேநீர்க் கோப்பைகளில் ஒன்று அவருக்கென்று தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை நான் நாள்தோறும் கண்டேன். மற்றவற்றோடு சேர்த்துவிடச் சொன்னது சென்ற மாதந்தான்.