மிச்சம் யாருடையது?

போன வருஷத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், நான் போகிற ஜிம்மில் ஒரு பையன் என்னிடம் கேட்டான். "அண்ணே, நீங்க நேச்சுரலா?"

பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கும் பழைய ஜிம் அது. ஏர்கான் கிடையாது, இரண்டு பெரிய காற்றாடிகள்தான். "ஆமா" என்றேன். யோசிக்கவே இல்லை. நான் கடைசியாக ஊசி போட்டு ஏழு வருஷமாகிறது. இன்று என் ரத்தத்தைச் சோதித்தால் ஒன்றும் கிடைக்காது. அப்படியானால் நான் சொன்னது உண்மைதானே?

இந்தக் கட்டுரை அந்த "ஆமா"வைப் பற்றியது.

இருபத்தாறு வயதில் ஒரு முறை, இருபத்தேழில் இன்னொரு முறை ஸ்டீராய்டு எடுத்தேன். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஜிம்காரர்கள் இதை 'சைக்கிள்' என்பார்கள். அதற்கு முன் மூன்று வருஷம் ஒழுங்காகப் பயிற்சி செய்து 64 கிலோவிலிருந்து 71க்கு வந்து அங்கேயே நின்றுபோயிருந்தேன். ஊசிக்குப் பிறகு 84. சட்டைகள் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. கல்யாண வீடுகளில் சித்தப்பாக்கள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள்.

நிறுத்தியதும் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வரும்போது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'போதுமான அளவு இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விதைகள் வேலையை விட்டுச் சுருங்கும். ஊசியை நிறுத்தினால் வெளியிலிருந்து வந்ததும் இல்லை, உள்ளே இருப்பதும் இன்னும் விழிக்கவில்லை. இந்த இடைவெளி சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். எனக்கு ஐந்து மாதம் ஆனது. பெஞ்ச் பிரஸ்ஸில் 120 கிலோ தூக்கியவன் 90க்கு இறங்கினேன். அதுகூடப் பரவாயில்லை. காலையில் படுக்கையை விட்டு எழக் காரணம் எதுவும் தோன்றாது. அப்போது என்னோடு இருந்த பெண்ணுக்கு, நான் ஏன் அவள் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை என்று விளக்கத் தெரியவில்லை. கடைசியில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "உங்க அப்பாவுக்கு இதவிட அதிகமா இருக்கும்" என்றார்.

இருப்பதைக் காப்பாற்றும் வழியை அந்த மாதங்களில்தான் கற்றுக்கொண்டேன். எல்லாரும் செய்கிற தவறு, பயத்தில் இரட்டிப்பாகப் பயிற்சி செய்வது. உடம்பால் அதைத் தாங்க முடியாது. தூக்கும் எடை கனமாகவே இருக்கட்டும், செட்டுகளைக் குறைக்க வேண்டும். தசையை வளர்க்கத் தேவைப்பட்ட உழைப்பில் ஒரு பங்கு இருந்தாலே அதைத் தக்கவைக்கப் போதும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம், நல்ல தூக்கம், பட்டினி கிடக்காமல் இருப்பது. யாரோ சொன்ன ஹார்மோன் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் போவது. முதலில் இறங்கிய சில கிலோ வெறும் தண்ணீர்தான் என்று ஏற்றுக்கொள்வது. இதையெல்லாம் செய்து 77ல் நின்றேன். இன்றும் 77தான்.

71க்கும் 77க்கும் நடுவே ஆறு கிலோ. இது யாருடையது?

என்னுடையது என்றுதான் பல வருஷம் நினைத்தேன். மருந்து கொடுத்தது உண்மை. ஆனால் கொடுத்ததில் பாதிக்கு மேல் போய்விட்டதே. மிஞ்சியதை ஐந்து மாத நரகத்தில் போராடிக் காப்பாற்றியவன் நான். இந்த நியாயத்தை இரண்டு ஆய்வுகள் ஆட்டிவிட்டன.

முதலாவது 1996ல் அமெரிக்காவில் வெளியானது. ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய 43 ஆண்கள். சிலருக்குப் பத்து வாரம், வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன். சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. வெறும் ஊசியோடு பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலாகச் சுமார் 2 கிலோ கூடியது. மருந்து எடுத்துக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். இரண்டும் செய்தவர்களுக்கு 6 கிலோ. சும்மா இருந்தவர்கள், வியர்வை சிந்தியவர்களை முந்திவிட்டார்கள். 'மருந்து கதவைத்தான் திறக்கும், உள்ளே போவது உன் உழைப்பு' என்று ஜிம்மில் சொல்வோமே, அது எவ்வளவு பெரிய ஆறுதல் வார்த்தை என்று அன்று புரிந்தது.

இரண்டாவது 2013ல் ஓஸ்லோவில் எலிகளிடம் நடந்தது. ஒரு தசைநாரில் பல உட்கருக்கள் உண்டு. தசை வளரும்போது புதிய உட்கருக்கள் வந்து சேரும். எலிகளுக்கு இரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து நிறுத்தினார்கள். மூன்று வாரத்தில் தசை பழைய அளவுக்கே திரும்பியது. ஆனால் புதிதாக வந்த உட்கருக்கள் போகவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தத் தசைக்கு ஆறு நாள் பாரம் ஏற்றியபோது சுமார் 30 சதவீதம் பருத்தது. மருந்தே தொடாத எலிகளுக்கு அந்த ஆறு நாளில் சொல்லும்படி ஒன்றுமில்லை. இரண்டு வருஷம்போல வாழும் எலிக்கு மூன்று மாதம் என்பது நீண்ட காலம். மனித உடம்பில் இது எந்த அளவுக்கு, எவ்வளவு காலம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் நிறுத்துவதும் திரும்பிப்போவதும் ஒன்றல்ல என்பதை அந்த எலிகள் காட்டிவிட்டன.

2017ல் லண்டன் உலகத் தடகளப் போட்டியில் ஜஸ்டின் கேட்லின் உசேன் போல்ட்டை முந்தி 100 மீட்டரை வென்றபோது அரங்கமே ஊளையிட்டது. ஊக்கமருந்துக்காக நான்கு வருஷத் தடையை அனுபவித்துவிட்டுத் திரும்பியவர் அவர். 'தண்டனை முடிந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்' என்று டிவி முன்னால் கோபப்பட்டேன். உண்மையில் எனக்காகத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன் என்று பிறகு தோன்றியது. காலம் போனால் உடம்பு பழைய கணக்குக்கு வந்துவிடும் என்று விளையாட்டுச் சட்டம் நம்புகிறது. நானும் நம்பினேன்.

வஞ்சனையால் சேர்த்த பொருளைக் காப்பது சுடாத மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பது மாதிரி என்கிறார் வள்ளுவர். என் அப்பா இதையே "வந்த வழியா போயிடும்" என்பார். உடம்பு எனும் பானை ஒழுகத்தான் செய்தது, ஆனால் முழுக்க ஒழுகவில்லை. எல்லாம் போயிருந்தால் எனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நண்பன் ஒருவன் வேறு மாதிரி சொல்வான். "எல்லாமே அதிர்ஷ்டந்தான் மச்சான். எதுலா நீயே சம்பாதிச்சது?" அதிலும் நியாயம் இருக்கிறது. பந்திங் பக்கம் செம்பனைக் குலை வெட்டிய அப்பாவிடமிருந்து எனக்கு அகன்ற தோள் எலும்பு வந்தது. அவருக்குக் கிடைக்காத நான்கு முட்டை தினமும் எனக்குக் கிடைக்கிறது. இவை எதையும் நான் உழைத்துப் பெறவில்லை. ஆறு கிலோவை மட்டும் அறுத்துத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. யாரிடம் கொடுப்பது? நான் போட்டிக்குப் போனவனில்லை, யாருடைய பதக்கத்தையும் பறிக்கவில்லை. அப்படியென்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தப் பையனுக்குத்தான்.

என் "ஆமா"வை நம்பி, என் பயிற்சி நோட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு எட்டு மாதம் அப்படியே செய்தான். ஒருநாள் தவறவில்லை. நான்கு கிலோ கூடியது. அது நல்ல வளர்ச்சி, யாரும் பெருமைப்படலாம். ஆனால் அவன் அளந்து பார்த்தது என்னை வைத்து. ஒருநாள் கண்ணாடி முன் நின்று சொன்னான்: "நான்தான் எங்கயோ ஏமாத்துறேன் போலண்ணே. சரியா செஞ்சிருந்தா வந்திருக்கணும்ல?"

ஏமாற்றுகிறேன் என்று அவன் சொன்னான். நான் பேசாமல் நின்றேன்.

மிச்சம் என்னுடையதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன், வேறு யாருடையதாகவும் அது இருக்க முடியாது. ஆனால் அதன் கதை என் ஒருவனுடையதல்ல. அதைப் பார்த்துத் தன்னை எடைபோடுகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு. மருந்தை நிறுத்துவது ஒன்று, பொய்யை நிறுத்துவது இன்னொன்று. ஏழு வருஷமாக நான் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்திருந்தேன்.

அன்றிரவு கீழே மாமாக் கடையில் உட்கார வைத்துச் சொன்னேன். தே தாரிக் ஆறும்வரை பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான், "எவ்வளவு ஆச்சுண்ணே?"

எனக்குத் திக்கென்றது. உண்மையைச் சொன்னால் அவன் விடுதலையாவான் என்று நினைத்திருந்தேன். அவன் விலை கேட்கிறான். ஐந்து மாதத்தைப் பற்றி, அந்தக் காலைகளைப் பற்றி, போய்விட்ட பெண்ணைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கண் என் கையில் இருந்தது. போனது எதுவும் வெளியே தெரியாது, மிஞ்சியதுதான் தெரியும். நான் என்ன சொன்னாலும் என் கையே எனக்கு எதிர்சாட்சி.

"காசு விஷயத்த சொல்லமாட்டேன்" என்றேன். "ஆனா உன் எட்டு மாசத்துல ஒரு தப்பும் இல்ல. அத மட்டும் நம்பு."

பதில் சொல்லவில்லை. மறுவாரம் வந்தான். இப்போதும் வருகிறான். ஸ்குவாட் போடும்போது பின்னால் நிற்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுகிறான்.

இப்போது புதிதாக யாராவது கேட்டால், "இல்ல, ரெண்டு தடவ போட்டிருக்கேன்" என்கிறேன். 'போட்டேன்' என்று சொல்வதில்லை. போட்டிருக்கேன். அதுதான் சரியான சொல்.