கொடையும் கணக்கும்

கொடுப்பது அறம், ஆராய்ந்து கொடுப்பதும் அறமாகுமா? ஆராய்ச்சி ஈகையின் ஈரத்தை உலர்த்திவிடும் என்பார் உளர். பினாங்கின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு முன்னோர் விட்டுச்சென்ற அறச்சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டபோது, கொடுத்தோரின் நல்லெண்ணம் அவற்றைக் காக்கவில்லை. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த முகம்மதிய, இந்து அறநிலைய வாரியமே அவற்றைப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

இன்று அறநிறுவனங்கள் இணையதளம் வழியே கொடை வேண்டுகின்றன. பதிவெண், பெரியோர் படம், பயன்பெற்றோர் புன்னகை ஆகியவை அங்கே அணிவகுக்கின்றன. இவை அடையாளங்களே, சான்றுகள் ஆகா. பதிவெண் ஒரு சங்கம் உண்டென்று காட்டும். அதன் நேர்மையைக் காட்டாது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் வரவு செலவுக் கணக்கைப் பதிவதிகாரியிடம் ஒப்படைக்கப் பணிக்கிறது. அக்கணக்கைக் கொடையாளரும் காணுமாறு வெளியிடும் நிறுவனம், தன் சொல் பிழையாயின் பிறர் மறுத்துரைக்க இடமளிக்கிறது. அவ்வாறு இடமளிப்பதே சான்று.

அரசன் ஆளைத் தேர்வதற்கு வள்ளுவர் வகுத்த ‘தெரிந்து தெளிதல்’ கொடையாளர்க்கும் பொருந்தும். கைமாறிய கொடை, கொடுத்தவருக்கோ நிறுவனத்துக்கோ உரியதன்று, வறியவருக்கு உரியது. கணக்குக் கேட்கும் வலிமை அவ்வறியவருக்கு இல்லை. ஆகவே, அவர் பொருட்டுக் கேட்பது கொடுப்பவரின் கடமை. அது ஈகையின் எஞ்சிய பாதியாகும்.