பழியும் பொறுப்பும்

திருவனந்தபுரத்தில் ‘அப்சர்வேட்டரி ஹில்ஸ்’ என்று மக்கள் அழைக்கும் ஒரு குன்று உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1837-ஆம் ஆண்டில், விண்ணை ஆராய்வதற்காக அங்கே ஒரு வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டது. இன்று அதே குன்றில் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இயங்கி வருகிறது. புயல், பெருமழை, நிலச்சரிவு, கடல் சீற்றம் ஆகியவை பற்றிய செய்திகள் வந்து சேரும் இடம் அது. மக்களுக்கான எச்சரிக்கைகள் புறப்படும் இடமும் அதுவே. அபாய காலத்தில் மாநிலமெங்கும் சைரன்களை ஒலிக்கச் செய்யும் ‘கவசம்’ என்னும் அமைப்பு 2025 ஜனவரி 21 அன்று இத்தலைநகரில் தொடங்கி வைக்கப்பட்டது.

அத்தகைய ஒரு கட்டுப்பாட்டு அறையில் நள்ளிரவில் தனித்து விழித்திருக்கும் ஓர் ஊழியரை எண்ணிப் பாருங்கள். ஒரு செய்தி வருகிறது. அது மெய்யா, பொய்யா என்று துணிவதற்கு அவருக்கு இருப்பவை சில நிமிடங்களே. எச்சரிக்கை கொடுத்து, ஆபத்து வராமல் போனால் ஆயிரக்கணக்கானோர் வீணாக அஞ்சி ஓடுவார்கள். மீனவரின் ஒரு நாள் கூலி போகும். எச்சரிக்கை கொடுக்காமல் இருந்து, ஆபத்து வந்துவிட்டால் உயிர்களே போகும். அவர் தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் யாருக்கு, எதற்கு, எவ்வளவு பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? அவரைத் தண்டித்துவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா?

இது அலுவலக விதிகளைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. செயலுக்கும் செய்பவனுக்கும் உள்ள உறவைப் பற்றிய பழமையான அறக்கேள்வி.

இரண்டு முப்பதாம் தேதிகள்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கரைகளைத் தாக்கியது. நாகப்பட்டினத்திலும், கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டிலும் இறந்தவர்களைத் தேடும் பணி இன்னும் முடியவில்லை. நான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மீண்டும் சுனாமி வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் கடலோர மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நிவாரணப் பணியில் இருந்தவர்களும் கரையை விட்டு அகன்றார்கள். அலை வரவில்லை. அமெரிக்காவின் தனியார் நிறுவனம் ஒன்று தெரிவித்த கணிப்பே அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை என்பது பின்னர் தெரிந்தது. அதில் அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று, அப்போதைய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் கபில் சிபல் அன்றே மறுத்துரைத்தார். ஓர் அமைச்சகம் கூறியதை மற்றோர் அமைச்சகம் மறுத்தது. நடுவில் நின்றவர்கள், உற்றாரைப் பறிகொடுத்து நான்கே நாட்கள் ஆகியிருந்த மக்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, இன்னொரு முப்பதாம் தேதி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்திற்கும் அருகே கடலில் உருவெடுத்தது. அது புயலாக வலுப்பெற்றுவிட்டது என்ற அறிவிப்பு வெளிவந்தபோது பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களின் படகுகள் பல கடலுக்குச் சென்றுவிட்டிருந்தன. கேரளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பி வரவில்லை. உரிய நேரத்தில் சொன்னோம் என்றது ஒரு தரப்பு. உரிய வகையில் வந்து சேரவில்லை என்றது மற்றொரு தரப்பு. கரையில் காத்திருந்த பெண்களுக்கு இந்த வாதத்தால் என்ன பயன்?

முதல் நிகழ்ச்சியில் பேசக் கூடாதபோது பேசியது தவறு. இரண்டாவதில் பேச வேண்டியபோது குரல் சென்று சேராதது தவறு. ஒரு தவற்றுக்கு அஞ்சி ஓடுபவன் மற்றதில் போய் விழுகிறான். வீணாக எச்சரித்தவனைக் கடுமையாகத் தண்டித்தால், அடுத்த முறை அந்த நாற்காலியில் அமர்பவன் வாய் திறக்கத் தயங்குவான். மௌனத்தை மட்டும் தண்டித்தால், தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே ஒவ்வொரு மேகத்திற்கும் சைரன் ஒலிப்பான். இரண்டிலும் அவன் மனம் மக்களிடம் இல்லை, தன்னிடமே இருக்கிறது.

எது தவறு?

இங்கே ஒரு தெளிவு வேண்டும். எச்சரித்த ஆபத்து வரவில்லை என்பதாலேயே எச்சரிக்கை பிழையாகிவிடாது.

சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007-இல் அமைக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டதும் அது எச்சரிக்கை விடுத்தது. பேரலை எழவில்லை, நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக அல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். சில மணி நேரத்தில் எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. 2020 டிசம்பரில் புரெவி புயலுக்காகத் திருவனந்தபுரம் உள்ளிட்ட தென்மாவட்டங்களுக்கு விடுமுறை அளிக்கப்பட்டது. விமான நிலையமும் சில மணி நேரம் மூடப்பட்டது. புயலோ மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. இவற்றைத் தவறு என்று கூற முடியாது. கையில் இருந்த உண்மையை ஆராய்ந்து, காலம் அறிந்து செய்யப்பட்ட செயல்கள் இவை.

2004-இல் நடந்ததோ வேறு. அங்கே குறை, அலை வராததில் இல்லை. ஆராயாமல் சொன்னதில் இருந்தது. தற்செயலாக அன்று ஓர் அலை வந்திருந்தாலும் அந்தக் குறை குறையாகவே இருந்திருக்கும். ஆகவே செயலை அதன் விளைவைக் கொண்டு மட்டும் எடை போடுவது நீதியாகாது. செய்தவர் எவ்வளவு கருத்துடன் செய்தார் என்பதே முதல் அளவுகோல்.

முப்பத்தெட்டு நிமிடங்கள்

தவறான எச்சரிக்கைகளில் உலகம் நன்கறிந்தது ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்தது. 2018 ஜனவரி 13, காலை 8.07. ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது பயிற்சி அன்று என்ற செய்தி அத்தீவு மக்களின் கைப்பேசிகளில் ஒலித்தது. செய்தி தவறானது என்ற மறு அறிவிப்பு கைப்பேசிகளுக்கு வந்தபோது மணி 8.45. அந்த 38 நிமிடங்களில் பெற்றோர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விடைபெற்றார்கள்.

நடந்தது என்ன? பணிமுறை மாறும் வேளையில் ஒரு பயிற்சி நடத்தப்பட்டது. அதற்காக ஒலிக்கப்பட்ட செய்தியின் முதலிலும் முடிவிலும் ‘பயிற்சி’ என்ற சொல் இருந்தது. நடுவிலோ ‘இது பயிற்சி அன்று’ என்ற வாசகமும் இடம்பெற்றுவிட்டது. ஓர் ஊழியர் பின்னதை மட்டுமே கேட்டதாகக் கூறினார். தாக்குதல் மெய் என்று நம்பி எச்சரிக்கையை அனுப்பினார். அவரைத் தடுத்துச் சரிபார்க்க இரண்டாவது ஒருவர் தேவை என்ற விதி அங்கு இல்லை. தவறாக அனுப்பியதைத் திருத்துவதற்கான வாசகமும் ஆயத்தமாக இல்லை. மாநில ஆளுநருக்கு இரண்டே நிமிடங்களில் உண்மை தெரிந்துவிட்டது. ஆயினும் சமூக ஊடகத்தில் அதை அவர் வெளியிட மேலும் பதினைந்து நிமிடங்கள் ஆயின. தம் கணக்கின் கடவுச்சொல்லைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். துறையின் தலைவர் பதவி விலகினார். அந்த ஊழியர் முன்பும் பயிற்சியையும் மெய்யையும் குழப்பிக்கொண்டவர் என்று மாநில விசாரணை கூறியது. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது: அவரை மீண்டும் அதே நாற்காலியில் அமர்த்தியவர் யார்? பணிக்குத் தக்கவரைத் தேர்ந்து, அவரிடம் அப்பணியை ஒப்படைக்கும் முறைக்கென்றே திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று தனி அதிகாரம் வகுத்தார். வேலை செய்தவனைப் போலவே வேலை கொடுத்தவனும் கணக்குச் சொல்ல வேண்டியவனே.

ஐந்து காரணங்கள்

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் ஸ்ரீகிருஷ்ணர் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் உண்டு என்கிறார். செயல் நிகழும் இடம், செய்பவன், கருவிகள், பலவகை இயக்கங்கள், ஐந்தாவதாகத் தெய்வம். உரையாசிரியர்கள் இவற்றை உடல், ஜீவன், புலன்கள், பிராணனின் இயக்கம் என்று உட்புறமாக விளக்குவர். அதே பார்வையை வெளியுலகிலும் பொருத்திப் பார்க்கலாம். கட்டுப்பாட்டு அறை என்னும் இடம். ஊழியர் என்னும் கர்த்தா. கணினித் திரை என்னும் கருவி. பணிமுறை மாற்றம், பயிற்சி, விதிமுறை என்னும் இயக்கங்கள். எவர் கையிலும் அடங்காத அந்த நேரத்துச் சூழல். ஐந்தும் கூடித்தான் ஒரு தவறு பிறக்கிறது.

ஐந்து இருக்க, தான் ஒருவனே செய்பவன் என்று கருதுகிறவன் உள்ளபடி காண்பதில்லை என்று அந்த அத்தியாயம் தொடர்கிறது. இது நம் அகங்காரத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. ஆனால் பிறர் தவற்றை எடைபோடும்போதும் இது பொருந்தும். நான்கு காரணங்களையும் மறைத்துவிட்டு ஒருவனை மட்டும் சுட்டும் விரலும் உள்ளபடி காணாத விரலே. அந்த ஒருவனை நீக்கிவிட்டால் மற்ற நான்கும் அப்படியே இருக்கின்றன, அடுத்த ஊழியருக்காகக் காத்துக்கொண்டு.

எனினும் எச்சரிக்கை தேவை. ஐந்தில் ஒருவன் என்பதால் கர்த்தா விடுபட்டுவிடுவதில்லை; ஐந்தில் ஒன்று அவனேதான். ‘கடமையைச் செய்தேன், பலன் என் கையில் இல்லை’ என்று கீதையைத் துணைக்கழைத்துத் தப்பிப்பவர்கள் உண்டு. பலனில் பற்றுக் கூடாது என்பதன் பொருள், பலனைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பதன்று. புகழ் வருமா, பழி வருமா என்ற எண்ணம் குறுக்கிடாதபோது மனம் முழுவதும் செயலில் நிற்கிறது. அத்தகைய மனமே செய்தியைச் சரிபார்க்கும். தவறினால் உடனே தவறினேன் என்று சொல்லும். பழிக்கு அஞ்சுகிறவனுக்குத்தான் மறைக்கத் தோன்றும். ஆகவே கர்மயோகி பதில் சொல்வதிலிருந்து தப்புகிறவன் அல்லன். தயங்காமல் பதில் சொல்ல வல்லவன்.

பாண்டியனின் செய்தி

திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியின் வடிவமாகவே மக்கள் போற்றுகின்றனர். திருவிழாவின்போது அவள் சரிதம் தோற்றம்பாட்டாகப் பாடப்படும். பாண்டியனின் முடிவு பாடப்பட்ட பின்னரே பொங்காலை அடுப்பு மூட்டப்படுவது வழக்கம். இலட்சக்கணக்கான பெண்கள் ஆண்டுதோறும் அடுப்பு மூட்டும் அந்த நேரத்தில், ஆராயாமல் செயல்பட்ட ஓர் அதிகாரத்தின் கதை நினைவூட்டப்படுகிறது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். அவசரத்தில் இருந்தான், நம்பத் தகாத ஒருவன் கொண்டுவந்த செய்தியை ஆராயாமல் ஏற்றான். ஒரு வாய்ச்சொல்லில் கோவலன் உயிர் போயிற்று. சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டபோது அவன், பழியைப் பொற்கொல்லன்மீதோ, காவலன்மீதோ தள்ளவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஏற்று, அரியணையிலேயே உயிர் நீத்தான்.

அவன் பெருமை அதில் இருக்கிறது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை, மதுரை எரிந்தது. மன்னனின் மரணம் கோவலனையும் மீட்கவில்லை, நகரையும் காக்கவில்லை. தவறியவர் அழிந்துபோவதால் தவறு திருந்திவிடுவதில்லை. பாண்டியனிடம் கற்க வேண்டியது அவனுடைய மரணத்தை அன்று. பழியைக் கீழே உள்ளவன்மீது தள்ளாத அவனது நேர்மையை. கூடவே, உண்மையை உணர்ந்த அந்த ஆராய்ச்சி ஒரு நாள் முன்னதாக நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதையும்.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

தமிழில் பழி வேறு, பொறுப்பு வேறு. பழி பிறர் நம்மீது எறிவது. பொறுப்பு நாமே தோளில் ஏற்பது. ‘பொறு’ என்னும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்துதான் பொறுப்பும் பொறுமையும் பிறக்கின்றன. தாங்குதல், மன்னித்தல் ஆகிய இரண்டையும் அச்சொல் குறிக்கிறது.

பொது ஊழியர் பொறுக்க வேண்டியது சுமையை. ஆராய்ந்தேனா, தவறியதும் ஒப்புக்கொண்டேனா, விரைந்து திருத்தினேனா, மீண்டும் நிகழாதிருக்க வழி செய்தேனா என்னும் நான்கு கேள்விகளுக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும். அலட்சியமும் மறைப்பும் பொய்யும் இருந்தால் தண்டனை உரியதே. திறமைக் குறைவு இருந்தால் அந்த இடத்திலிருந்து அவரை மாற்றுவதும் உரியதே. அது சினத்தால் அன்று, மக்களின் பாதுகாப்புக்காக. மேலதிகாரி, தனக்குக் கீழே உள்ளவரின் தவற்றில் தன் பங்கை முதலில் கூற வேண்டும். ஹவாயில் நிகழ்ச்சிக்குப் பிறகு எச்சரிக்கை அனுப்ப இருவர் தேவை என்று விதி மாற்றப்பட்டது. பணிநீக்கத்தைவிட அந்த ஒரு விதியே மக்களுக்குச் செய்யப்பட்ட உண்மையான பிராயச்சித்தம்.

மக்கள் பொறுக்க வேண்டியது, நல்லெண்ணத்துடன் நேர்ந்த பிழையை. ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். அவன் வேண்டுமென்றே பொய் சொன்னான். ஊழியர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேட்கும் காது இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. எனவேதான் தவறான எச்சரிக்கைக்குப் பின் வரும் விளக்கம், எச்சரிக்கையைப் போலவே விரைவாகவும் தெளிவாகவும் வர வேண்டும். ஏன் தவறு நேர்ந்தது என்று மறைக்காமல் சொல்லப்பட்டவர்கள் அடுத்த முறையும் நம்புவார்கள்.

ஒக்கிக்குப் பின் பூந்துறைக் கரையில் எச்சரிக்கைகள் கூடின. கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அடுப்பில் தெரியும் மீனவரின் இல்லத்தில், அந்தச் சொல்லை நம்பி ஒருவர் வலையை மடித்து வைக்கிறார் என்றால், முகம் தெரியாத ஓர் ஊழியரிடம் தம் அன்றைய உணவையும் உயிரையும் ஒருசேர ஒப்படைக்கிறார் என்று பொருள். அந்த நம்பிக்கையை உணர்ந்தவன் அலட்சியமாக இருக்க மாட்டான். தவறினால் ஒளியவும் மாட்டான். குன்றின்மேல் விழித்திருப்பவனும் கரையில் காத்திருப்பவனும் ஒருவரையொருவர் பொறுத்து நிற்கும்போதே எச்சரிக்கை கவசமாகிறது.